மீளளிப்பு

ஆடி ஏழு. பிற்பகல் இரண்டு இருபது.
மூன்றாம் வார்டின் இரத்தக் குழாய்களுக்கு
இலக்கம் ஒட்டிக்கொண்டிருந்தேன்.
கைப்பேசி ஒருமுறை நடுங்கி நின்றது:
உங்கள் கணக்கில் வரவு, ரூபாய் 23,640.
அனுப்பியது உள்நாட்டு இறைவரித் திணைக்களம்.

நம்பாமல் இன்னொருமுறை வாசித்தேன்.
வில்லைக்கு அடியில் எதைக் கண்டாலும்
இரண்டாம் தடவை பார்க்கிற தொழில் என்னுடையது.

நிலுவைச் சம்பளம் மொத்தமாய் வந்து விழுந்த வருடம்
ஏதோ ஒரு கணினி
என்னைப் பணக்காரி என்று முடிவுகட்டியது.
நான் அப்படியில்லை என்று அதற்கு விளங்கப்படுத்த
ஐந்து படிவம், மூன்று பதிவுத் தபால்,
ஓடாத மின்விசிறிக்குக் கீழே ஒரு முழுக் காலை.
"வரும் மிஸ்" என்றார் எழுதுவினைஞர்,
வானத்தைப் பாராமலே மழை வரும் என்பதுபோல.

"கூரைத் தகட்டுக்கு வையும்" என்றார் வில்வராசா.
மகன் சைக்கிள் ரயரைச் சொன்னான்.
யதுனா ஒன்றும் சொல்லவில்லை.
ஒவ்வொரு விடுமுறை முடியவும் அவளுக்கு ஒரு கேள்வி வரும்:
நீ போன சுற்றுலா பற்றிப் பத்து வசனம் எழுதுக.
மூன்று வருடமாய்
போகாத நுவரெலியாவை எழுதுகிறாள்.
போன தடவை அங்கே
பனிக்கட்டி மழை பெய்து வீதியெல்லாம் மூடியிருந்தது.

நுவரெலியாவுக்கு வான் கூலியே இருபத்தையாயிரம்.
கொழும்புக்கு இரவு ரயில் மலிவு,
விடிந்தபின் எங்கே தங்குவது?
கணக்குச் சுருங்கச் சுருங்க
வரைபடமும் சுருங்கிக்கொண்டு வந்து
விரல் கடைசியாய் நின்ற இடம்
உப்புவெளி.
பாலையூற்றில் எங்கள் கேற்றிலிருந்து
ஆறு கிலோமீற்றர்.

"வெள்ளைக்காரர் விலை சொல்லாதையும் தம்பி" என்று
தொலைபேசியில் பேரம் பேசினேன்.
ஏசி இல்லாத அறை, இரண்டு இரவு.
ஓட்டோ எழுநூறு. மடியில் புளிச்சோற்றுச் சட்டி.
கச்சான் காற்று முகத்தில் அடுப்பூதியது.

வரவேற்பு மேசைப் பையன்
அடையாள அட்டையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான்.
"வீட்டில தண்ணி இல்லையா அக்கா?"
"இருக்கு" என்றேன். "பயணம் வந்திருக்கிறம்."

இரவு மணலில் இருந்து பார்த்தோம்.
தெற்கே கோணமலையில் விளக்கு,
அதற்கு இப்பால் சிதறிய வெளிச்சங்கள்.
"அதுவா எங்கட ஊர்?" என்றான் மகன்,
விமானத்தில் இருந்து கேட்பவன் மாதிரி.
எங்கள் தெரு அங்கிருந்து தெரியாது.
தெரிந்தும் தேடினேன்.
கேற்றைப் பூட்டினோமா?

புறாமலைக்குப் படகு,
குருநாகலில் இருந்து வந்த ஒரு குடும்பத்தோடு பாதிப்பாதி.
அவர்களின் பாட்டரி தீர்ந்த கமராவுக்காக
என் கைப்பேசியில் எல்லாரும் சிரித்தோம்.
கடலுக்கு முந்நூறு யார் தூரத்தில் பிறந்து
நீச்சல் தெரியாத வில்வராசா
வாடகை மிதவைச் சட்டையோடு மல்லாந்து கிடந்தார்.
காது தண்ணீருக்குள்.
நான் கூப்பிட்டது கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் வந்திருக்கமாட்டார்.
இருபது நிமிடம்
கூரைத் தகடு எங்கோ போயிருந்தது.

கிளம்பும்போது பில்.
அறை 13,400.
அதன் கீழே சின்ன எழுத்தில்
பெறுமதி சேர் வரி 2,412.
அவர் விரலை அதில் வைத்து என்னைப் பார்த்தார்.
"உப்புவெளி மட்டும் பின்னால வந்திருக்கிறாங்கள்."
நான் சிரித்த சிரிப்புக்கு
மேசைப் பையன் பயந்தே போனான்.

திங்கட்கிழமை மறுபடி குழாய்கள், இலக்கங்கள்.
கையுறை கழற்றும்போது
மணிக்கட்டில் வெயில் போட்ட கோடு.

பள்ளிக்கூடம் தொடங்கிய இரவு யதுனா எழுதினாள்:
நாங்கள் உப்புவெளிக்குப் போனோம்.
அது எங்கள் வீட்டுக்குக் கிட்ட.
அங்கே பனி பெய்யவில்லை.
அப்பா மிதந்தார்.
மீன் என் காலைத் தொட்டது, நான் கத்தவில்லை.
அப்படியே ஒன்பது வரை வந்து
பென்சிலைக் கடித்தாள்.

"அம்மா, மிச்சக்காசு எவ்வளவு?"

நூற்று அறுபத்தெட்டு ரூபாய் என்றேன்.
பத்தாவதாய் அதை எழுதினாள்,
இலக்கத்தில் இல்லை, எழுத்தில்,
ஒரு பிழையும் இல்லாமல்.